கைக்குட்டையில் கரி ஒட்டாத வண்டி

கரும்புகை கக்காத டீசல் வண்டி சீக்கிரம் செத்துப்போகும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில், சுயநினைவோடு நம்பினேன். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த காரியங்களைப் பார்த்து எனக்கு வேறு ஏதோ வியாதி என்று நினைத்துவிடுவீர்கள்.

அந்தப் பழைய பிக்கப் வண்டியை வாங்கி வந்த மறுநாள் காலை, இஞ்சினை ஓடவிட்டு, துவைத்து மடித்த ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயின் வாயருகே பிடித்துக்கொண்டு குந்தினேன். ஐந்து நிமிடம் பிடித்திருப்பேன். எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் சூடு, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். கரி ஒரு பொட்டுகூட இல்லை. பிணத்தின் மூக்கடியில் கண்ணாடியைக் காட்டிய டாக்டரைப் போல எழுந்து நின்றேன். 'ஏமாந்துட்டோம்' என்று தோன்றியது. புகை வரவில்லை என்றால் மூச்சு வரவில்லை. மூச்சு வரவில்லை என்றால் யாரோ என் தலையில் ஒரு பிணத்தைக் கட்டிவிட்டார்கள்.

இந்த ஞானம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டியவர். விடிவதற்கு முன்பு, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டு தொடங்கும்போதே லோரியை முடுக்கிவிடுவார். பெரட்டு முடியும்வரை அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். கரும்புகை லயன் வீடுகள் மீது படிந்து, காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் நிறமாகும். யாரும் திட்டமாட்டார்கள். புகை நன்றாக வந்தால் லோரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் புகை குறைந்தால் அப்பா முகம் வாடிவிடும். இஞ்சினை அரைமணி நேரம் சூடேற்றாமல் எடுப்பவனை அவர் டிரைவராகவே மதிக்கமாட்டார்.

அதனால் நானும் தினமும் காலையில் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், வரிசை வீட்டின் போர்ச்சில், பிக்கப்பை முடுக்கிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தேன். பெரட்டு எடுக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு நானே பெயர் கூப்பிட்டு, நானே 'இருக்கேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஒன்றிரண்டு நாள் அதையும் செய்தேன்.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாய் கடைக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போவேன். நடந்தால் இருபது நிமிடம். வண்டியில் போனால் இருபது நிமிடம் சூடேற்றல், ஐந்து நிமிடம் பயணம். எப்போதும் முப்பதுக்கு மேல் போகமாட்டேன். வண்டி பழையது, அழுத்தினால் வலிக்கும் என்பது என் கருணை.

"என்னா அண்ணே, காடிய ஓட்டிக்கிட்டு வந்தீங்களா, தள்ளிக்கிட்டு வந்தீங்களா?" என்று பாய் கல்லாவிலிருந்தே கேட்பார். "அந்த மாட்டுக்கார கிழவனோட சைக்கிள் உங்கள முந்திக்கிட்டுப் போச்சு. நான் பார்த்தேன் லா."

"அவனுக்கு அவசரம், பாய். எனக்கு என்ன அவசரம்?"

எனக்கு அவசரம் இல்லை என்பது உண்மை. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவன் நான். பிக்கப்பை வாங்கியது மகளின் சாமான்களை ஏற்றுவதற்கு. அவளுக்குக் கல்யாணம் முடிந்து சிலிம் ரிவரில் வீடு பார்த்திருந்தார்கள். கட்டில், அலமாரி, அம்மாவின் தையல் இயந்திரம் எல்லாவற்றையும் நானே கொண்டுபோய் இறக்குவேன் என்று கனவு கண்டேன். அவள் இரண்டு பெட்டியோடு மாப்பிள்ளையின் சின்னக் காரில் போய்விட்டாள். 'எல்லாம் அங்க புதுசா வாங்கிக்கிறோம்பா.' பின்தட்டில் ஒரு டன் ஏற்றலாம் என்று விற்றவர் சொன்னார். அதில் அதுவரை நான் ஏற்றியிருந்தது ஒரு துடைப்பம்.

மகளைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் வண்டியின் நோய்க்கும் அவளுக்கும் சம்பந்தம் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாங்கள் சண்டைக்காரர்கள் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூடப் பேசியதில்லை என்பதுதான் விஷயம். அவள் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே போன் வந்தால் நான் எடுப்பேன், "சாப்டியா?" என்று கேட்பேன், "இந்தா, அம்மாகிட்ட பேசு" என்று மனைவியிடம் கொடுத்துவிடுவேன். அதற்குள் ஒரு நகைச்சுவையும் சொல்லியிருப்பேன். என் தந்தைப் பதவி முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் நடந்துகொண்டிருந்தது. மனைவி தவறி மூன்று வருடம் ஆகிறது. இப்போதும் "சாப்டியா?" என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு போனைக் கொடுப்பதற்கு ஆள் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் வாரம் தவறாமல் கூப்பிட்டாள். "சனிக்கிழமை வாங்கப்பா. ஒரு மணி நேரந்தான்."

"காடிக்குத் தூரம் ஆவாதுமா. பழைய காடி. ஹைவேல நின்னுருச்சுனா யார் தள்றது?"

முதல் தடவை சொன்னபோது அது பாதி உண்மை. பத்தாவது தடவை சொன்னபோது அது ஒரு வசதி. அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே என்ன பேசுவது என்று யோசித்துப் பார்ப்பேன். அரைமணி நேரத்துக்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. பாய் கடையில் எடுபடும் நகைச்சுவை அவளிடம் எடுபடாது. அவள் சிரிக்காமல் என்னையே பார்ப்பாள், அம்மாவைப் போல.

கடைசியாக ஒருநாள் சொன்னாள்: "சரிப்பா. இனிமே நான் வாங்கன்னு கூப்பிட மாட்டேன். ஒவ்வொரு வாரமும் காடிகிட்ட கேட்டுத்தான் பதில் சொல்றீங்க. உங்களுக்கு வரணும்னு தோணுச்சுனா வாங்க."

சொன்னபடியே கூப்பிடவில்லை. 'சாப்டீங்களா' என்று மட்டும் செய்தி வரும். 'சாப்டேன்' என்று போடுவேன். போட்டுவிட்டு, அதைவிடப் பெரிய பதிலாக ஏதாவது இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் வண்டியில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. இஞ்சின் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் குறையவில்லை. கூடியிருந்தது! போன மாதம் நடுக்கோட்டில் நின்றது, இப்போது மேல்கோட்டுக்கும் மேலே. நான் ஊற்றவில்லை, வேறு யாரும் ஊற்ற வாய்ப்பில்லை. மறுநாள் கடையில் பெருமையாக அறிவித்தேன்.

"பாய், ஊருல எல்லா காடியும் எண்ணெய குடிக்கும். என் காடி எண்ணெய சொரக்குது. அள்ள அள்ளக் கூடுது."

"அப்ப ஒரு போத்தல் குடுங்க அண்ணே, ரொட்டி சானாய் தட்டுறதுக்கு ஆவும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அது ஆபத்தின் அறிகுறி என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் என் வீரம் வெளிப்பட்டது. சாயங்காலம் கடையிலிருந்து திரும்பி வந்து, போர்ச்சில் நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். இஞ்சின் நின்றது. ஆனால் உள்ளே ஏதோ ஒரு விசிறி நிற்காமல் 'ஹோ'வென்று கத்திக்கொண்டிருந்தது. வண்டியின் அடியிலிருந்து அனல். இரும்பு காய்ந்த வாடை. தீ என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகு என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஓடின. பத்திரங்கள், அடையாள அட்டை, மனைவியின் தாலி, மகளின் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கின்றன. அலமாரியைத் தாண்டி ஓடினேன். வெளியே வந்து தெருவில் நின்றபோதுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

சோறு வேகவைக்கும் மின்சாரக் குக்கர். உள்ளே மதியத்துச் சோறு, ஓர் ஆளுக்கு.

பக்கத்து வீட்டுச் சீன அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்கிள், மாசாக் டி லுவார் கா?" என்றார். வெளியிலேதான் சமையலா என்று மலாயில் விசாரித்தார்.

"காத்து வாங்குது ஆன்ட்டி" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் விசிறி தானாக நின்றது. தீ எதுவும் இல்லை. குக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அந்தச் சோற்றையே சாப்பிட்டேன்.

மூன்று நாள் கழித்து விளக்கு வந்தது. சுண்ணாம்புக் குன்றின் அடியில், சந்திப்பில் நின்றிருந்தபோது, முன்பலகையில் மஞ்சளாக ஒரு சின்னம் எரிந்தது: ஒரு டப்பா, இரண்டு பக்கமும் குழாய், டப்பாவுக்குள் புள்ளி புள்ளியாய். இடியாப்ப உரல் என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டியில் இடியாப்ப உரல் எதற்கு என்று யோசிக்கும்போதே பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் தேடினால், முன்பெட்டியில் பழைய சொந்தக்காரரின் சீப்பு ஒன்றுதான் இருந்தது.

பாய் கடையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. போனில் படம் எடுத்துக் காட்டினேன்.

"இது அந்த டிபிஎஃப் லா" என்றார் பாய். "என் மச்சான் காடியிலயும் இதே மாதிரி வந்துச்சு. எக்ஸாஸ்ல ஒரு டப்பா இருக்கும், அத அறுத்து எடுத்துட்டு வெறுங்குழாய வெச்சி ஒட்டிட்டாங்க. இப்ப எப்படிப் பொகையுது தெரியுமா? பார்க்கிறதுக்கே கண்கொள்ளாது."

புகை என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஆகா, அதுதான் விஷயம்! மூக்கை எவனோ அடைத்து வைத்திருக்கிறான். அறுத்தால் மூச்சு வரும். அன்றைக்கே பட்டறைக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் டீசல் வண்டிகளைப் பார்க்கும் அந்தப் பட்டறையை நடத்துவது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கணினி போன்ற ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியில் சொருகி, அதில் வரும் எண்களை ஆஸ்பத்திரித் தாதி மாதிரி முகத்தில் எதையும் காட்டாமல் பார்ப்பார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இந்தக் காடிய எங்கல்லாம் ஓட்டுறீங்க?"

"பாய் கடைக்கு."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழம பசாருக்கு."

"அதுவும் பக்கந்தானே. தூரமா எங்க?"

"தூரமா எங்கயும் இல்ல, தங்கச்சி. நான் காடிய கஷ்டப்படுத்துறதில்ல."

காலைச் சூடேற்றலையும் சொன்னேன், பாராட்டுவார் என்று. அப்பாவின் லோரியையும், கைக்குட்டைப் பரிசோதனையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தரையில் குந்தி, டார்ச் அடித்து, அடியில் இருக்கும் தகர உருளையைக் காட்டினார்.

"உங்கப்பா லோரிக்குச் சளி புடிச்சா வெளிய துப்பிரும். இது துப்பாது. எல்லாத்தையும் உள்ளயே வெச்சிக்கும். உங்க கைக்குட்டை ஏன் வெள்ளையா இருந்துச்சு தெரியுமா? கரி பூரா இதுக்குள்ள. தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, ஒரு பக்கம் அடைச்சிருக்கும். பொக சுவத்துக்குள்ள பூந்து வெளிய போவும், கரி உள்ளயே தங்கிடும்."

"தங்கித் தங்கி?"

"ரொம்பினா எரிக்கணும். அதுவே எரிச்சிக்கும், ஆனா நல்லா சூடாவணும். சோறு கொதிக்கிற சூடு இல்ல, அதுக்கும் பல மடங்கு மேல. அதுக்குக் காடி நிக்காம, வேகமா, தூரமா ஓடணும். நீங்க ஓட்டுற ஒன்ற கிலோமீட்டர்ல அது சட்டியே காயாது. பாவம், அதுவும் எத்தனையோ வாட்டி எரிக்க ஆரம்பிச்சிருக்கு. நீங்க தேத்தண்ணி குடிக்க எறங்கிப் போயிருக்கீங்க."

விசிறிச் சத்தமும் அனலும் என்னவென்று இப்போது விளங்கியது. குக்கரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

"போர்ச்சுல நிறுத்தி சூடேத்துறது இன்னும் மோசம்" என்று அவர் தொடர்ந்தார். "கரி சேருமே ஒழிய எரியாது." பேசிக்கொண்டே எண்ணெய்க் குச்சியை இழுத்தார். மேல்கோட்டைத் தாண்டி ஈரம். முகர்ந்து பார்த்தார். "அலாமா. இது எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாவே கூடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். பெருமை ஏற்கெனவே வடியத் தொடங்கியிருந்தது.

"கரிய எரிக்கிறதுக்காக இஞ்சின் கொஞ்சம் டீசல அதிகமா விடும். பாதியில நீங்க ஆஃப் பண்ணுனா அந்த டீசல் எண்ணெயில எறங்கிடும். கூடுனது எண்ணெய் இல்ல அண்ணே, டீசலு. இப்படியே விட்டா இஞ்சின் போயிரும்."

நான் அறுத்து எடுக்கிற யோசனையைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"அத நான் செய்ய மாட்டேன்" என்றார். "அறுத்தா கரி எங்க போவும்? ரோட்டுல போற பிள்ளைங்க மூக்குக்குள்ள. பரிசோதனைக்குப் போனா காடியும் மாட்டும். காடியில கோளாறு ஒண்ணுமில்ல. ஓட்டாததுதான் கோளாறு."

எண்ணெயை மாற்றிக் கொடுத்தார். கருவியை வைத்து அங்கேயே எரிக்கவும் முடியும், ஆனால் அடுத்த மாதம் அதே விளக்கோடு வந்து நிற்பேன் என்றார். இன்னும் ஒரு விளக்கு இருக்கிறதாம். அது வந்துவிட்டால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்; அப்புறம் மிதித்தாலும் போகாது. அதற்குள் ஹைவேயில் நாற்பது நிமிடம், நிறுத்தாமல், ஒரு கியர் குறைத்துப் போட்டு, சுற்று முள் இரண்டாயிரத்துக்கு மேலே நிற்கும்படி ஓட்ட வேண்டும். வாடை வரும், அனல் வரும், பயப்படக் கூடாது.

"அந்தப் பக்கம், இந்தப் பக்கம் யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா? சும்மா போறதுக்கு?"

"மக இருக்கு. சிலிம் ரிவர்ல."

"பின்ன என்ன லா அண்ணே" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இத்தனை நாள் மகளிடம் சொல்லிவந்த காரணம், அப்படியே திரும்பி நின்று என்னைப் பார்த்தது. தூரம் போனால் வண்டி கெட்டுவிடும் என்றேன். தூரம் போகாமல்தான் கெட்டிருந்தது.

உடனே போனேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இன்னும் தந்திரங்கள் பாக்கி இருந்தன. ஈப்போ நகரத்தை நான்கு சுற்றுச் சுற்றினேன். எல்லாச் சந்திப்பிலும் சிவப்பு. மறுநாள் போர்ச்சிலேயே நின்று, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். நின்ற இடத்தில் ஒரு ஹைவே! கடிகாரத்தைப் பார்ப்பதும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பதுமாக, மனதளவில் பாதி வழி, தாப்பா ஊர் வரை போயிருப்பேன். சீன அம்மா வேலியோரம் வந்து காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அங்கிள், மாவ் பெர்கி மானா?"

எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"தாக் பெர்கி மானா-மானா" என்றேன். எங்கேயும் போகவில்லை.

சொல்லிவிட்டுக் காலை எடுத்தேன். இஞ்சின் அடங்கியது. விளக்கு அப்படியேதான் எரிந்தது. அவர் உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலை நான் வேறு பாஷையில் சொன்னதால்தானோ என்னவோ, என் காதிலேயே அது வேறு யாரோ சொன்னது மாதிரி விழுந்தது. சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். சூடேற்றல் இல்லை, முடுக்கியதும் எடுத்தேன். அப்பா மேலிருந்து பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். குன்றோரக் கடையில் பம்பளிமாஸ் பழம் இரண்டு வாங்கிப் பின்தட்டில் போட்டேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? பாய் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, "சிலிம் ரிவர் போய்ட்டு வாரேன்" என்று கத்தினேன்.

"மக வீட்டுக்கா?" என்று பாயும் கத்தினார். "காடி பெர்மிசன் குடுத்துருச்சா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மகளிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவள் எதிர்பார்ப்பாள்; பாதியில் திரும்பிவிட்டால் என்ன சொல்வது? சிம்பாங் பூலாய் டோலில் ஹைவே ஏறும்வரை பாதியில் திரும்புவதற்கான காரணங்களைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். ஏறிய பிறகு திரும்ப முடியாது. கோப்பெங் வரை எண்பதில் போனேன். ஒரு கியர் குறைத்தேன். முள் இரண்டாயிரத்தைத் தாண்டியது. அந்த வண்டி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அழுத்தினால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்டால் வலி மாதிரி தெரியவில்லை.

தாப்பா தாண்டியதும் வாடை வந்தது. அதே காய்ந்த இரும்பு வாடை. அனல் காலடிவரை ஏறியது. 'பயப்படக் கூடாது' என்று பட்டறையில் சொன்னது நினைவிருந்தது. ஆனால் பயப்படுகிற உறுப்புக்குக் காது கிடையாது. போதாக்குறைக்குப் பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். வளைவு வந்தால் 'டொம்'. பாதை மாறினால் 'டொம், டொம்'. இஞ்சின் தட்டுகிறது என்று முடிவு கட்டினேன். இஞ்சின் முன்னால் இருக்கிறது, சத்தம் பின்னால் வருகிறது என்கிற சின்ன விஷயம் என் தீர்ப்பைப் பாதிக்கவில்லை. ஓரமாக நிறுத்தலாமா? நிறுத்தினால் பாதியில் எரிந்தது பாதியில் நிற்கும். நிறுத்தாவிட்டால் நான் எரிவேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். முதலில் வண்டியிடம். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் லா.' பிறகு மகளிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். 'சாப்டியா?' என்றேன். அதற்கு அடுத்த வரி வரவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை, வரிசை வரிசையாக. மறுபடி முதலிலிருந்து, 'சாப்டியா?'

பீடோர் தாண்டி, சுங்கைக்கு முன்னால் எங்கோ, கண்ணைத் தாழ்த்திப் பார்த்தபோது முன்பலகையில் இடியாப்ப உரல் இல்லை. எப்போது அணைந்தது என்று கவனிக்கவில்லை. அவ்வளவு நேரம் அதையே முறைத்துக்கொண்டு வந்தவன், அது போகிற நேரம் பார்த்து வேறெங்கோ இருந்திருக்கிறேன்.

சிலிம் ரிவரில் மகள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். புல்மீது நிறுத்தக் கூடாது, அடிக்குழாய் கொதிக்கும் என்று பட்டறைத் தங்கச்சி சொல்லியிருந்ததால் தார்மீது நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால், பின்தட்டில் இரண்டு பம்பளிமாஸ் பழங்களும் அடிபட்டு, கன்றிப்போய், ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. என் இஞ்சின் கோளாறு.

கேட் பூட்டியிருந்தது. கார் இல்லை. மணியை அழுத்தினேன். காலணி வைக்கும் இடத்தில் ஒரே ஒரு ரப்பர் செருப்புச் சோடி. போனை எடுத்தேன்.

"சாப்டியா?" என்றேன்.

"சாப்டேன்ப்பா. நீங்க?"

"இன்னும் இல்ல. நீ எங்க இருக்க?"

"பாகான் செராய்ல. அவுங்க அம்மா வீட்டுக்கு வந்தோம், நாளைக்குத்தான் வருவோம். ஏன்ப்பா?"

பாகான் செராய் வடக்கே. காலையில் அவள் ஈப்போவை, என் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பாள்.

"சும்மாதான். உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

"சொல்லிட்டு வந்திருக்கலாம்லப்பா."

"சொன்னா நீ காத்திருப்ப. நான் வராம போயிருந்தா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், சேர்த்துக்கொண்டேன்: "நான் உன்னைப் பார்க்க வரல. ஒரு விளக்கு அணைக்க வந்தேன்."

"என்ன விளக்கு?"

சொன்னேன். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையிலிருந்து ஆரம்பித்தேன். கரி எங்கே போகிறது, ஏன் வெளியே தெரிவதில்லை, எரிய எவ்வளவு சூடு வேண்டும், பாதியில் நிறுத்தினால் டீசல் எப்படி எண்ணெயில் இறங்கும், எல்லாம். எண்ணெய் சுரக்கிறது என்று கடையில் பீற்றியதைச் சொன்னபோது சிரித்தாள். குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"குக்கர்ல சோறு இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொஞ்சம்."

"அப்ப தூரம் போகாததாலதான் காடி கெட்டுச்சா?"

"ஆமா."

"ம்." பிறகு டீச்சர் குரலில் கேட்டாள்: "கரி எரிஞ்ச பிறகு சாம்பல் எங்கப்பா போவும்?"

அதை நான் பட்டறையில் கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னேன். மகளிடம் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இதுவரை அவள் எதுவும் கேட்குமளவுக்கு நான் போனைக் கையில் வைத்திருந்ததில்லை.

"கேட்டுச் சொல்லுங்க" என்றாள். "சாவி கேட்டுக்கு வெளிய ரெண்டாவது பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. கேட் சாவியும் அங்கயே. உள்ள போய் ஏதாச்சும் சாப்டுட்டுப் போங்க. ஃப்ரிட்ஜ்ல கொழம்பு இருக்கு."

போனை வைத்தபோது, பேசியது இருபத்திரண்டு நிமிடம் என்று திரை காட்டியது. வண்டியின் விசிறி எப்போதோ நின்றிருந்தது.

உள்ளே போனேன். யாரும் இல்லாத வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியவில்லை. நின்றபடியே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். குழம்பைத் தொடவில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். இரண்டு பழங்களையும், கன்றிய பக்கம் அடியில் இருக்கும்படி, மேசைமேல் வைத்தேன். பூட்டினேன். சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்தேன். வண்டியை எடுத்தேன்.

தாப்பா வரை வெயில். கோப்பெங்கில் மழை. விளக்கு எரியவில்லை. பின்தட்டில் சத்தம் எதுவும் இல்லை.